செந்தேளும் தசையின் வாயில்களும்

அவலூர்பேட்டை, செஞ்சி, மேல்மலையனூர் பக்கத்து ஊர்களில் பிறந்து வளர்ந்த எவரையும் தேளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு கதையாவது சொல்லாமல் விடமாட்டார். மணிலாக் கொடியைப் பிடுங்கிப் போட்டுக் காய் ஆயும் நாள்களில் (மல்லாட்டை என்றால்தான் எங்கள் பக்கத்தில் பலருக்குப் புரியும்) கொடிக் குவியலுக்குள் கைவிட்டவரைத் தேள் கொட்டியிருக்கும். அல்லது விறகு எடுக்கப் போன இடத்தில் கொட்டியிருக்கும். பெரும் பாறைகளை யாரோ அடுக்கி வைத்தாற்போன்ற குன்றுகள் நிறைந்த நிலம் இது. செஞ்சிக் கோட்டை நிற்கும் இராசகிரியும் கிருஷ்ணகிரியும் அத்தகைய குன்றுகளே. கல் உள்ள இடத்தில் இடுக்கு உண்டு. இடுக்கு உள்ள இடத்தில் தேளும் உண்டு.

பிள்ளைகள் பெரும்பாலும் நட்டுவாக்காலியைக் கண்டுதான் அலறுவார்கள். கரிய நிறம், பெரிய உடல், நண்டின் கொடுக்கைப் போன்ற தடித்த முன்கைகள் ஆகியவற்றால் அதன் தோற்றம் அச்சம் தருவது உண்மையே. ஆனால் உயிருக்கு ஆபத்தானது அதுவன்று. விரல் நீளமே உள்ள, மெலிந்த கொடுக்குகளும் தடித்த வாலும் கொண்ட செந்தேளுக்குத்தான் நாம் அஞ்ச வேண்டும்.

செந்தேள் கொட்டிய குழந்தைகளில் சிலருக்குக் கொட்டிய இடத்தில் வலி மட்டும் இருந்து, மறுநாள் தணிந்துவிடும். வேறு சிலருக்கு நிலைமை அவ்வாறு இருப்பதில்லை. வாந்தி எடுக்கும், சட்டை நனைய வியர்க்கும், சித்திரை வெயிலிலும் கையும் காலும் பனிக்கட்டி போலக் குளிர்ந்துவிடும். இதயம் படபடவென அடிக்கும். கவனிக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறும். கடுகளவுகூட இல்லாத நஞ்சு இத்தனையையும் செய்கிறது!

எப்படிச் செய்கிறது? அந்த நஞ்சு சதையை அரிப்பதில்லை, இரத்தத்தையும் கெடுப்பதில்லை. நம் நரம்பு, தசை ஆகியவற்றின் செல்களைச் சுற்றியுள்ள மெல்லிய சவ்வில் நுண்ணிய வாயில்கள் உள்ளன. தேள் நஞ்சு அவற்றின் கதவுகளில் கைவைக்கிறது. அந்த வாயில்களின் வழியே நாள் முழுவதும் போய்வந்துகொண்டிருப்பவை எவை தெரியுமா? உலோகங்கள்!

சோடியம், பொட்டாசியம், கால்சியம்

உடலுக்குள் உலோகமா என்று வியக்க வேண்டாம். உங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் சோடியத்தை மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு சிறு துண்டைத் தண்ணீரில் போட்டால் அது சீறிப் பாய்ந்து தீப்பற்றும். அந்தச் சோடியமே ஓர் எலக்ட்ரானை இழந்துவிட்டால் சாதுவாகிவிடுகிறது. அப்போது அதன் பெயர் சோடியம் அயனி. அது ஒரு நேர்மின்னூட்டம் தாங்கிய துகள். குழம்பில் போடும் உப்பில் இருப்பது அதுதான். பொட்டாசியமும் அவ்வாறே ஓர் எலக்ட்ரானை இழந்து அயனியாகிறது. கால்சியம் இரண்டை இழக்கிறது. தசை சுருங்குவதும் தளர்வதும் இந்த மூன்று உலோக அயனிகளின் போக்குவரத்தினால்தான்.

இந்தப் போக்குவரத்துக்கு ஒரு தடை உண்டு. செல்லின் சவ்வு கொழுப்புப் பொருளால் ஆனது, அதாவது ஓர் எண்ணெய்ச் சுவர். வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் ஊற்றி அதில் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். எவ்வளவு நேரம் கலக்கினாலும் உப்பு கரையாது. நீரில் மட்டும் ஏன் கரைகிறது? நீர் மூலக்கூறின் ஒரு முனையில் சிறிது எதிர்மின்னூட்டமும் மறுமுனையில் சிறிது நேர்மின்னூட்டமும் உண்டு. அயனியைச் சுற்றி நீர் மூலக்கூறுகள் வெல்லத்தை எறும்பு மொய்ப்பது போல மொய்த்துக்கொள்கின்றன. இந்த நீர்ச் சட்டையை உடுத்திக்கொண்டுதான் அயனி நீரில் நிம்மதியாக உலவுகிறது. எண்ணெய்க்குள் நுழைய வேண்டுமானால் சட்டையைக் கழற்ற வேண்டும். அதற்கு மிகுந்த ஆற்றல் தேவை. ஆகவே அயனி தானாக எண்ணெய்ச் சுவரைக் கடப்பது ஏறக்குறைய நடவாத காரியம்.

இந்தச் சுவரின் கனம் சுமார் 5 நானோ மீட்டர். இரண்டு லட்சம் சவ்வுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு மில்லி மீட்டர் கனம் வரும். இவ்வளவு மெல்லிய சுவரின் இருபுறமும் உள்ள நிலைமையைப் பாருங்கள். தசைச் செல்லுக்குள் பொட்டாசியம், வெளியே உள்ளதைப்போல் ஏறத்தாழ 40 மடங்கு. சோடியமோ இதற்கு நேர்மாறு. வெளியே உள்ளது, உள்ளே இருப்பதைப்போல் சுமார் 12 மடங்கு. கால்சியத்தின் ஏற்றத்தாழ்வு இவை இரண்டையும் தோற்கடித்துவிடும். தசை ஓய்வாக உள்ளபோது வெளியே உள்ள கால்சியம் அயனிகளின் செறிவு உள்ளே இருப்பதைப்போல் பத்தாயிரம் மடங்குக்கும் மேல்!

அணையின் இருபுறமும் நீர்மட்டம் வேறுபட்டால் மதகைத் திறந்தவுடன் நீர் பாயும் அல்லவா? இங்கும் அப்படித்தான். ஆனால் அணைக்கு இல்லாத ஒரு சிக்கல் இங்கு உண்டு. பாய்கின்ற பொருள் மின்னூட்டம் உடையது.

ஓய்வாக உள்ள தசையில் பொட்டாசியம் வாயில்கள் சில திறந்தே இருக்கும். உள்ளே நெரிசல் மிகுதி என்பதால் பொட்டாசியம் அயனிகள் வெளியேறத் தொடங்குகின்றன. ஒவ்வோர் அயனியும் போகும்போது ஒரு நேர்மின்னூட்டத்தை எடுத்துச் செல்கிறது. ஆகவே உட்புறம் எதிர்மின்தன்மை அடைகிறது. அந்த எதிர்மின்தன்மை அடுத்து வெளியேற முயலும் அயனியை உள்நோக்கி இழுக்கிறது. நெரிசல் வெளியே தள்ள, மின்விசை உள்ளே இழுக்க, இரண்டும் சமமாகும் இடத்தில் ஓட்டம் நின்றுவிடும். அந்தச் சமநிலை எத்தனை மில்லி வோல்ட்டில் ஏற்படும் என்பதைக் கணக்கிடும் வழியை ஜெர்மானிய அறிஞர் நெர்ன்ஸ்ட் 1880களின் இறுதியில் வகுத்துத் தந்தார். உடலின் வெப்பநிலையில், செறிவு விகிதத்தின் மடக்கையை (பத்தடிமான மடக்கை) 61 ஆல் பெருக்கினால் விடை கிடைக்கும். 40இன் மடக்கை 1.6, 61 ஆல் பெருக்கினால் 98 மில்லி வோல்ட். தசைச் செல்லில் மின்முனையைச் செருகி அளந்தால் உட்புறம் வெளிப்புறத்தைவிடச் சுமார் 90 மில்லி வோல்ட் தாழ்ந்திருப்பதைக் காண்கிறோம். சிறிதளவு சோடியம் உள்ளே கசிவதால்தான் அந்த மீதி வேறுபாடு. மடக்கை அட்டவணையைப் புரட்டிச் சலித்துப்போனவர்களுக்கு இதைவிட நல்ல ஆறுதல் வேண்டுமா?

தொண்ணூறு மில்லி வோல்ட் என்பது டார்ச் விளக்கின் ஒரு மின்கலம் தருவதில் பதினாறில் ஒரு பங்குதான். இதென்ன பெரிய மின்னழுத்தம் என்று நினைக்கலாம். ஆனால் அது வெறும் 5 நானோ மீட்டர் இடைவெளியில் நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. வகுத்துப் பார்த்தால் மீட்டருக்கு 180 லட்சம் வோல்ட் வருகிறது. காற்றில் மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் ஆனாலே பொறி பறக்கும். உங்கள் கெண்டைக்காலில் உள்ள ஒவ்வொரு தசைச் செல்லின் சவ்வும் அதைப்போல் ஆறு மடங்கு வலிய மின்புலத்தை ஓசையின்றித் தாங்கி நிற்கிறது.

இவ்வளவு மின்புலத்தை உண்டாக்க எத்தனை பொட்டாசியம் அயனிகள் வெளியேற வேண்டும்? லட்சத்துக்கு ஒன்றிரண்டு வெளியேறினாலே போதும். வாயில் ஒரு கணம் திறந்து மூடினாலும் செல்லின் மின்நிலை தலைகீழாக மாறிவிடும். ஆனால் உள்ளே இருக்கும் இருப்போ குறைந்ததாகவே தெரியாது. தசை விரைந்து செயல்படுவதன் இரகசியம் இதுதான்.

இருப்பு என்றாவது கரைந்துதானே ஆக வேண்டும் என்று நீங்கள் கேட்பது சரியே. அதற்காகச் சவ்வில் இறைப்பான்களும் உள்ளன. மூன்று சோடியம் அயனிகளை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியம் அயனிகளை உள்ளே இழுப்பது இறைப்பானின் வேலை. இதற்கான செலவை உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றல் ஈடுகட்டுகிறது. இந்த இறைப்பானை 1957இல் நண்டின் நரம்பிலிருந்து கண்டறிந்தவர் டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கூ. நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது நாற்பது ஆண்டுகள் கழித்து, 1997இல்.

தவளைத் தசையில் ஒரு வாயில்

வாயில், வாயில் என்று சொல்கிறோமே, அப்படி ஒன்று உண்மையிலேயே இருக்கிறதா? எவரேனும் பார்த்தார்களா? 1976இல் எர்வின் நேஹர், பெர்ட் சாக்மன் என்ற இரு ஜெர்மானிய அறிஞர்கள், நுனி மிகக் கூர்மையாக இழுக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் குழாயைத் தவளையின் தசைச் செல்மீது வைத்து அழுத்தினர். குழாயின் வாய்க்குள் அகப்பட்ட சவ்வுப் பரப்பு மிகச் சிறியது. அதில் ஓரிரு வாயில்கள் மட்டுமே இருக்க முடியும். அந்தக் குழாயின் வழியே ஓடும் மின்னோட்டத்தை அளந்தபோது, அது ஏறி இறங்கிய விதம் அவர்களுக்கே வியப்பளித்தது. அலை போல மெதுவாக ஏறவில்லை, சுவிட்சைப் போட்டது போலச் சட்டென்று ஏறியது, சிறிது நேரம் அதே அளவில் நின்றது, சட்டென்று இறங்கியது. ஒற்றை வாயில் ஒன்று திறந்து மூடியதைத்தான் அவர்கள் பார்த்தார்கள்!

அந்த மின்னோட்டம் சில பிக்கோ ஆம்பியர். ஓர் ஆம்பியரை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு பிக்கோ ஆம்பியர். மூன்று பிக்கோ ஆம்பியர் என்று வைத்துக்கொண்டு, ஓர் அயனியின் மின்னூட்டத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரே வாயிலின் வழியே வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு கோடி அயனிகள்! திருவிழா நாளில் மேல்மலையனூர்க் கோயில் வாயிலில் உள்ள நெரிசலெல்லாம் இதற்கு முன் எம்மாத்திரம்? இவ்விருவரும் 1991இல் நோபெல் பரிசு பெற்றனர்.

வாயில்கள் புரதத்தால் ஆனவை. சில வாயில்கள் நரம்பு சுரக்கும் வேதிப்பொருள் வந்து தொட்டால் திறக்கும். அவர்கள் தவளையில் பார்த்தது அந்த வகையே. சில, சவ்வின் மின்னழுத்தம் மாறினால் திறக்கும். சோடியத்துக்குத் தனி வாயில், பொட்டாசியத்துக்குத் தனி வாயில், கால்சியத்துக்குத் தனி வாயில் என்று பிரிவினையும் உண்டு.

இந்தப் பிரிவினையில்தான் ஒரு புதிர் ஒளிந்திருக்கிறது. பொட்டாசியம் அயனியின் ஆரம் 0.133 நானோ மீட்டர். சோடியம் அயனியின் ஆரம் 0.095 நானோ மீட்டர். சோடியமே சிறியது. சிறியதை விட்டுப் பெரியதைத் தடுக்கும் சல்லடையை நாம் அறிவோம். ஆனால் பொட்டாசியம் வாயில் பெரியதை விட்டுச் சிறியதைத் தடுக்கிறது. பல்லாயிரம் பொட்டாசியம் நுழையும்போது ஒரு சோடியம் நுழைந்தால் அதிகம். அதுவும் வினாடிக்குக் கோடிக்கணக்கில் விட்டுக்கொண்டே!

விடை நீர்ச் சட்டையில் இருக்கிறது. வாயிலின் மிகக் குறுகிய பகுதியில் ஆக்சிஜன் அணுக்கள் உள்நோக்கி வரிசையாக நிற்கின்றன. பொட்டாசியம் தன் நீர்ச் சட்டையைக் கழற்றி உள்ளே வந்ததும், நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன் நின்ற அதே தொலைவில் வாயிலின் ஆக்சிஜன் அணுக்கள் எட்டு அதைச் சூழ்ந்துகொள்கின்றன. இழந்த சுகம் உடனே திரும்பக் கிடைத்துவிடுகிறது. குறுகிய கிணற்றில் இருபுறச் சுவரிலும் காலை உதைத்து ஏறுபவரைப் பார்த்திருக்கிறீர்களா? கால் நீளமுள்ள பெரியவருக்கு அது முடியும். சிறுவனின் கால் எதிர்ச் சுவருக்கு எட்டாது. சோடியம் அந்தச் சிறுவனைப் போன்றது. சட்டையைக் கழற்றினால் எல்லாப் பக்கத்து ஆக்சிஜனும் அதற்கு எட்டுவதில்லை; நட்டம்தான் மிச்சம். எனவே அது வெளியே நீரிலேயே தங்கிவிடுகிறது.

இந்த அமைப்பை எக்ஸ் கதிர் கொண்டு 1998இல் காட்டியவர் அமெரிக்காவின் ராடரிக் மக்கின்னன். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசியம் வாயிலை அவர் படிகமாக்கிப் படமெடுத்தார். 2003இல் வேதியியல் நோபெல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அவர் அந்த வாயிலின் வாயைத் தேடத் தொடங்கியது அதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்னால். அப்போது அவருக்கு வழிகாட்டியது எது? ஒரு தேளின் நஞ்சு!

பாட்டிலும் தக்கையும்

தேள் நஞ்சு ஒரே பொருளன்று. பல சிறு புரதங்களின் கலவை. மேற்காசியப் பாலைவனத் தேள் ஒன்றின் நஞ்சிலிருந்து பிரித்த ஒரு சிறு புரதம், பொட்டாசியம் வாயிலின் வெளிவாயில் போய் உட்கார்ந்து, பாட்டிலைத் தக்கையால் அடைப்பது போல அடைத்துவிடுவது 1980களில் தெரியவந்தது. அந்தப் புரதத்தின் ஒரு பக்கத்தில் நேர்மின்னூட்டம் உள்ள ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. அது பொட்டாசியம் அயனியைப் போலவே துளைக்குள் தலையை நுழைத்துக்கொள்கிறது. பின்னால் உள்ள உடல் பெரிது என்பதால் கடந்து போகவும் முடிவதில்லை. தக்கை எங்கே பொருந்துகிறது என்று பார்த்துத்தான் பாட்டிலின் வாய் எங்கே, எப்படி இருக்கிறது என்று மக்கின்னன் போன்றோர் கண்டுபிடித்தார்கள்.

நம் செந்தேளுக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. 1990இல் அமெரிக்க ஆய்வாளர்கள் செந்தேளின் நஞ்சிலிருந்து ஐபீரியோடாக்சின் என்ற தக்கையைப் பிரித்தெடுத்தனர். 37 அமினோ அமிலங்கள் கோத்த சிறு மாலை அது. முன்னதைப் போலப் பலவகை வாயில்களையும் அடைத்துத் திரியாமல், ஒரே ஒரு வகைப் பொட்டாசியம் வாயிலை மட்டும் தேடிப் பிடித்து அடைப்பது இதன் சிறப்பு. உலகெங்கும் தசையை ஆராயும் ஆய்வுக்கூடங்களில் இன்றும் இது ஒரு கருவியாகப் பயன்படுகிறது.

செந்தேளின் அறிவியல் பெயரின் பின்பாதி டாமுலஸ். தமிழ் என்ற சொல்லே இலத்தீன் உடையில் அப்படி நிற்கிறது! 1798இல் அப்பெயரைச் சூட்டியவர் டென்மார்க்கில் பிறந்த ஃபாப்ரீசியஸ். தரங்கம்பாடி அந்நாளில் டேனிஷ்காரர்களின் கையில் இருந்தது. அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் பூச்சிகளும் சங்குகளும் செடிகளும் ஆராய்ச்சிக்காகப் போய்க்கொண்டிருந்தன. தமிழின் பெயரை உலக விலங்கியல் ஒரு தேளுக்கு வைத்திருக்கிறதே என்று சிலர் வருந்தக்கூடும். எனக்கென்னவோ வருத்தமில்லை.

ஐபீரியோடாக்சின் அடைக்கும் அந்த ஒரு வகை வாயில் எது, அதற்குத் தசையில் என்ன வேலை என்பதை அறிய நாம் மூன்றாவது உலோகத்திடம் செல்ல வேண்டும்.

குழாய்த் தண்ணீரின் உபயம்

இலண்டனில் சிட்னி ரிங்கர் என்றொரு மருத்துவர் இருந்தார். தவளையின் இதயத்தை உடலிலிருந்து பிரித்து, உப்பு நீரில் வைத்து, எவ்வளவு நேரம் துடிக்கிறது என்று அவர் ஆராய்ந்துவந்தார். இதயம் நன்றாகவே துடித்தது. பிறகுதான் தெரிந்தது, அந்த உப்புக் கரைசல் காய்ச்சி வடித்த நீரில் தயாரிக்கப்படவில்லை. இலண்டன் குழாய்த் தண்ணீரில் தயாரிக்கப்பட்டது என்பது. முறைப்படி காய்ச்சி வடித்த நீரில் தயாரித்துப் பார்த்தார். இதயம் சிறிது நேரத்தில் நின்றுவிட்டது! குழாய்த் தண்ணீரில் இருந்து, வடித்த நீரில் இல்லாமற்போன பொருள் எது என்று தேடி, 1883இல் அது கால்சியம் என்று அறிவித்தார். சோற்றுப் பானையின் உட்புறம் வெள்ளையாகப் படியும் உப்பில் உள்ள அதே கால்சியம்தான்.

கால்சியம் இன்றித் தசை ஏன் சுருங்குவதில்லை? தசைக்குள் இரண்டு வகைப் புரத இழைகள் ஒன்றுக்கொன்று இணையாகக் கிடக்கின்றன. ஒன்றையொன்று பற்றி இழுத்தால் தசை சுருங்கும். எலும்புத் தசையிலும் இதயத்திலும் அவை பற்றிக்கொள்ளாதபடி நடுவே ஒரு காவல் இருக்கிறது. கால்சியம் வந்து ஒட்டினால் அந்தக் காவல் விலகும். கால்சியம் ஒட்டும் அந்தப் புரதத்தை 1960களில் ஜப்பானின் எபாஷி கண்டுபிடித்தார்.

நாம் விரும்பியபடி அசைக்கும் எலும்புத் தசைகளில் கால்சியம் செல்லுக்குள்ளேயே தனிப் பைகளில் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. நரம்பின் கட்டளை வந்ததும் சோடியம் உள்ளே பாய, சவ்வின் மின்னழுத்தம் 90 மில்லி வோல்ட் தாழ்விலிருந்து 30 மில்லி வோல்ட் உயர்வுக்குத் தாவுகிறது. அந்தத் தாவல் பைகளைத் திறந்துவிடுகிறது. இராசகிரியின் படிகளில் நீங்கள் வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் இது நடக்கிறது. ஆனால் இதயத் தசைக்குச் சொந்தச் சேமிப்பு மட்டும் போதாது. ஒவ்வொரு துடிப்புக்கும் வெளியிலிருந்தும் சிறிது கால்சியம் வாயில் வழியே வந்தாக வேண்டும். ரிங்கரின் தவளை இதயம் நின்றதற்குக் காரணம் இதுவே.

இன்னொரு வகைத் தசையும் உண்டு. அதை நாம் நினைப்பதேயில்லை. நம் சிறு இரத்தக் குழாய்களின் சுவரில் வளையம் வளையமாகச் சுற்றியிருக்கும் வரியற்ற தசை அது. நரம்பு நுனியிலிருந்து நார் அட்ரினலின் என்ற பொருள் வந்து தொட்டதும் இந்தத் தசைக்குள் கால்சியம் பெருகும்; வளையம் இறுகும்; குழாய் குறுகும். இங்கே இயற்பியலைச் சற்று நினைவுகொள்ளுங்கள். குழாயில் திரவம் பாயும் அளவு, ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது என்பது புவாசே விதி. ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும்! வளையம் சிறிது இறுகினாலே விளைவு பெரிது.

இறுகிக்கொண்டே போகாமல் இருக்க இயற்கை ஒரு தடை வைத்திருக்கிறது. இந்தத் தசையின் சவ்வில் ஒரு வகைப் பொட்டாசியம் வாயில் உண்டு. உள்ளே கால்சியம் பெருகினால் அது திறக்கும். பொட்டாசியம் வாயில்களிலேயே மிகப் பெரிய ஓட்டத்தை விடக்கூடியது இதுதான். பொட்டாசியம் வெளியே பாய்ந்ததும் உட்புறம் மீண்டும் எதிர்மின்தன்மை அடைகிறது, அதனால் கால்சியம் வாயில்கள் மூடிக்கொள்கின்றன, தசை தளர்கிறது. கால்சியம் தன் கையாலேயே தன் வரவை நிறுத்திக்கொள்கிறது என்று சொல்லலாம். சைக்கிளுக்குப் பிரேக் போல இரத்தக் குழாய்க்கு இந்த வாயில்.

ஐபீரியோடாக்சின் தேடிப் பிடித்து அடைப்பது இந்தப் பிரேக் வாயிலைத்தான்.

கொட்டியபின் நடப்பது

இப்போது செந்தேள் கொட்டிய குழந்தையிடம் வருவோம். நஞ்சின் முதன்மையான வேலை சோடியம் வாயிலில். நரம்பில் உள்ள சோடியம் வாயில்கள் திறந்த ஒன்றிரண்டு மில்லி வினாடியில் தாமே மூடிக்கொள்ள வேண்டியவை. நஞ்சிலுள்ள சில புரதங்கள் அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அழைப்பு மணியின் பொத்தான் உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டால் மணி ஓயாமல் அடிக்குமே, அதுபோல நரம்புகள் ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. இதயத்தையும் இரத்தக் குழாயையும் ஆளும் நரம்புகளின் நுனியிலிருந்து நார் அட்ரினலினும், சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியிலிருந்து அட்ரினலினும் கொட்டுகின்றன. குழாய்களின் வளையத் தசைக்குள் கால்சியம் பெருகுகிறது. வளையங்கள் இறுகுகின்றன. கையும் காலும் குளிர்வது இதனால்தான். பிரேக் வாயில்களை அடைக்கும் தக்கைகளும் அதே நஞ்சில் கலந்திருக்கின்றன. குறுகிப்போன குழாய்களுக்குள் இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் களைக்கிறது. தள்ள முடியாத இரத்தம் பின்னால் நுரையீரலில் தேங்கி, அங்கே நீர் கசிகிறது.

இதைக் கண்டறிந்து மருந்து காட்டியவர் பெரிய நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தவர் அல்லர். மகாராஷ்டிரத்தின் கொங்கணப் பகுதியில், மகாட் என்ற ஊருக்கு அருகில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 1970களில் பணியாற்றிய டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் அவர். செந்தேள் கொட்டி, நிலைமை மோசமாகி வந்தவர்களில் நூற்றுக்கு முப்பது, நாற்பது பேர்வரை அந்நாளில் இறந்தார்கள். அவர்களுள் குழந்தைகள் பலர். அவர் நோயாளிகளின் படுக்கையருகிலேயே அமர்ந்து, நாடியும் இரத்த அழுத்தமும் மணிக்கு மணி எப்படி மாறுகின்றன என்று குறித்துவைத்தார். கண்டவற்றை 1982இல் இலண்டனின் லான்செட் இதழில் எழுதினார். இரத்தக் கொதிப்புக்குப் பயன்பட்டுவந்த பிரசோசின் என்ற மாத்திரையைத் தேள்கடிக்குக் கொடுத்துப் பார்த்து, அது பயன் தருவதை 1986இல் அதே இதழில் வெளியிட்டார். நார் அட்ரினலின் வந்து தொடும் இடத்தைப் பிரசோசின் முன்கூட்டியே பிடித்துக்கொள்கிறது. கதவைத் தட்டுபவர் எவ்வளவு தட்டினாலும் ஓசை உள்ளே கேட்பதில்லை. தசைக்குள் கால்சியம் பெருகுவது நிற்கிறது, வளையம் தளர்கிறது. இறப்பு நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. மாத்திரையோடு தேள் நஞ்சுக்கு எதிரான ஊசி மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் விரைவில் குணமாகிறது என்று அவரும் அவர் மனைவி டாக்டர் பிரமோதினியும் 2011இல் காட்டினார்கள். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

நமக்கு அருகில், புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவிலும் பிரசோசின் முறையைக் கையாண்டு, அதன் பலனை மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே எங்கள் பக்கத்து ஊர்களில் இன்று தேள் கொட்டினால் செய்ய வேண்டியது ஒன்றே. கயிற்றால் இறுகக் கட்டுவதிலும், கீறி இரத்தம் எடுப்பதிலும், மந்திரிப்பதிலும் நேரத்தைக் கழிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். குழந்தை வலியால் துடிக்கவில்லையே என்று நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. நிலைமை மோசமாகும் குழந்தைகளில் சிலருக்கு வலி குறைவாகவே இருக்கும். வியர்வையும் வாந்தியும் குளிர்ந்த கைகால்களுமே கவனிக்க வேண்டிய அறிகுறிகள்.

மாத்திரையை மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். குழாய்கள் திடீரென்று தளர்வதால், எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரும். ஆகவே குழந்தையைப் படுக்கவே வைத்திருப்பார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்தைத் திரும்பக் கொடுப்பார்கள். எதுவரை தெரியுமா? அதை அறிய எந்தக் கருவியும் வேண்டியதில்லை. செவிலியர் குழந்தையின் உள்ளங்கையையும் பாதத்தையும் தொட்டுப் பார்ப்பார். வளையத் தசைகளிலிருந்து கால்சியம் வெளியேற்றப்பட்டு, குழாய்கள் விரிந்து, இரத்தம் விரல் நுனிவரை மறுபடி பாயத் தொடங்கியிருந்தால் கை உலர்ந்து வெதுவெதுப்பாக இருக்கும். அதன்பின் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.